பிரவுசருக்கு முன் போட வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெட் சென்டர்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. இன்ஜினியரிங் கவுன்சலிங், முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, கல்விக் கடன் என ஒவ்வொரு பிள்ளையின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் கணினிகள் வழியாகத்தான் போகின்றன. அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடத்திலும் இதே நிலைதான். ஆனால் அந்தக் கணினிகளில் பலவற்றில் பிரவுசருக்கான பாதுகாப்பு அப்டேட் ஏறுவதே இல்லை. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைக்காரர்களின் சோம்பலை இதற்குக் காரணம் காட்டுவது அநியாயம். பிரவுசருக்கு முன்னால் என்னென்ன போட வேண்டும் என்று அவர்களுக்கு யாருமே சொன்னதில்லை.

எனக்கு அடிக்கடி வரும் போன் இப்படி இருக்கும்: “அண்ணே, குரோம்ல எந்த சைட்டும் ஓப்பன் ஆகல. கனெக்‌ஷன் பாதுகாப்பா இல்லைன்னு வருது. நெட்டு நல்லாத்தான் இருக்கு.” போய்ப் பார்த்தால் திரையின் வலது மூலையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிமாஸ் செல் தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் கணினி தன் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் ஏற்காது. பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே செய்திதான் வரும். செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

அடுத்த படிகள் இன்னும் சிக்கலானவை. 2019-இல் நடந்ததைப் பாருங்கள். அப்போது டெண்டர் போடவும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யவும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகியவர்களில் பலர் விண்டோஸ் 7-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் நம்பியிருந்தார்கள். தன் அப்டேட் அசல்தான் என்று காட்ட மைக்ரோசாஃப்ட் அதில் மின்னணுக் கையொப்பம் இடும். அதற்குப் பயன்பட்ட பழைய முறை ஷா-1. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே ஷா-1 அடையாளத்தை வரவைத்துக் காட்டின. இனி அந்த முறையை நம்ப முடியாது என்று உறுதியானது. 2019 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் 7 அப்டேட்டுகளில் ஷா-2 கையொப்பம் மட்டுமே வந்தது.

அந்தப் புதிய கையொப்பத்தைச் சரிபார்க்க விண்டோஸ் 7-ஐ முதலில் தயார்படுத்த வேண்டியிருந்தது. அதற்கென்று அந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு அப்டேட்டுகள் வந்தன. கேபி4490628, அப்டேட்டை ஏற்றும் பகுதியைப் புதுப்பிக்கும். கேபி4474419, ஷா-2-ஐப் புரியவைக்கும். இவை ஏற வேண்டுமானால் 2011-இல் வந்த சர்வீஸ் பேக் 1 ஏற்கெனவே இருக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரருக்கு அப்டேட் வர வேண்டுமானால் அதுவும் 11-ஆம் பதிப்பாக இருக்க வேண்டும். 2016 ஜனவரியோடு விண்டோஸ் 7-இல் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு அப்டேட் நின்றுவிட்டது. அந்த 11-ஆம் பதிப்பை ஏற்றவும் தனியாகச் சில அப்டேட்டுகள் தேவைப்பட்டன. ஷா-2 அப்டேட் இல்லாத கணினியில் மாத அப்டேட்டைப் போட்டவர்களுக்கு 80092004 என்ற எண்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரர் என்ன செய்வார்? அப்டேட்டையே நிறுத்திவைத்தார். அப்படி நிறுத்திய பலர் பிறகு அதைத் திரும்ப இயக்கவே இல்லை.

இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட முடியாது என்பது இ-சேவை மையம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பிக்கும்போதே எந்தச் சான்று முதலில் வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு அப்டேட்டுக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது, ஆனால் அது ஆங்கில உதவிப் பக்கம் ஒன்றின் அடியில் கிடக்கிறது.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. விண்டோஸ் 7-க்கு இலவச ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110-க்கு விண்டோஸ் 10 கட்டாயமானது. பழைய கணினிகள் 109-ஆம் பதிப்போடு நின்றன. குரோமைத் திறக்கும்போது மேலே வரும் எச்சரிக்கைப் பட்டையை மூடிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பிரவுசர் புதிதாகவே இருந்தாலும் அதன் கீழே இருக்கும் விண்டோஸில் ஓட்டை இருந்தால், சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள் பத்திரமாக இருக்காது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட, 2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை வைரஸ் நமக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டும். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். பக்கத்துக் கேரளத்தில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு கிராம ஊராட்சி அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. சின்ன ஊர் என்பதால் யாரும் நம்மைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை.

கடைக்காரர்களின் பக்கமும் நியாயம் உண்டு. கூட்டம் நிற்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் தொழில் போகும், டேட்டாவும் செலவாகும். அதற்கு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்கில் இருந்து கோப்புகளை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், கடை மூடிய பிறகு வரிசைப்படி எல்லாக் கணினிகளுக்கும் ஏற்றலாம். ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டும் திருட்டு விண்டோஸை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு லினக்ஸ் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்திலேயே நம் பிள்ளைகளின் கைக்கு வந்ததுதான்.

ஆனால் முழுப் பாரத்தையும் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது. 2021-இல் விண்டோஸ் 10-க்கு, அப்டேட் ஏற்றும் பகுதிக்கான அப்டேட்டையும் மாத அப்டேட்டையும் மைக்ரோசாஃப்ட் ஒன்றாகச் சேர்த்தது. வரிசையைச் சுலபமாக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை தன் இ-சேவை மையங்களுக்கு எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, எதற்குப் பின் எது என்று ஒரே பக்கத்தில், தமிழில், மாதாமாதம் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அளவில் முகாம் வைத்துக் கணினிகளைச் சோதிக்க வேண்டும். தேறாத கணினியை மாற்ற மைய நடத்துநருக்குக் கடனுதவி தர வேண்டும்.

கணினி கடைக்காரருடையது. அதில் ஏறும் ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் வெளியே வரிசையில் நிற்கிறவருடையது. அந்தக் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. அவர் சார்பில் அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அரசுதான் ஏற்க வேண்டும்.