குழந்தை நலம்: நாக்கில் தடவும் தேன்

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது எம்மவர் பலரின் வழக்கம். ஆசையோடு செய்வதுதான். என்றாலும் ஒரு வயது நிறையும்வரை வேண்டாம் என்கிறோம்.

பிறந்ததும் பிள்ளையின் குடலில் நல்ல பக்ரீரியாக்கள் குடியேறத் தொடங்கும். தாய்ப்பாலில் பிள்ளைக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை உண்டு. அது இவற்றுக்கான உணவு. இவை பெருகி நிலைகொள்ளப் பல மாதங்கள் செல்லும். அதற்குள், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பது மிக அரிது.

1976இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இந்நோய்க்குக் குழந்தைப் பொட்டுலிசம் என்று பெயர். தேனைக் காய்ச்சினாலும் வித்துக்கள் அழியா. மலச்சிக்கல், ஈனமான அழுகை, பால் குடிக்க முடியாமை, உடல் துவளுதல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அம்மம்மாவுக்கும் பக்குவமாய் எடுத்துச் சொல்லுவோம்.