முதியவருக்கும் சேர்த்துக் கட்டுவோம்

குடாநாட்டில் வீடு கட்டும் வேலை ஓய்ந்தபாடில்லை. 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணிகளை இழந்திருந்தவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களும் காலத்துக்குக் காலம் ஊர் திரும்பி இடிந்த சுவர்களை எழுப்பினார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பணத்தில் மாடி வீடுகளும் எழுகின்றன. சீமெந்து விலை, மேசன் கூலி, ரைல்ஸின் நிறம் எல்லாம் நன்றாகப் பேசப்படுகின்றன. எண்பது வயதில் இந்த வீட்டில் யார் நடமாடப் போகிறார், எப்படி நடமாடப் போகிறார் என்று மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

முன்னர் இக்கேள்வி எழாததற்குக் காரணம் உண்டு. வீட்டைச் சீதனமாகப் பெற்ற மகள் அதே வளவில் இருந்தாள். பெற்றோர் அவளோடோ, பின்வளவில் ஒரு சிறு வீட்டிலோ இருந்தார்கள். கிணற்றடிக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்லவும், தண்ணீர் அள்ளி வார்க்கவும் ஆள் இருந்தது. நாற்சார் வீட்டின் உயர்ந்த படி, புறம்பாக இருந்த அடுப்படி, வளவின் மூலையில் இருந்த மலசலகூடம் ஆகிய எல்லாம் அந்த ஆள்பலத்தை நம்பி அமைந்தவை. வீட்டின் குறையை வீட்டார் நிரப்பினார்கள். இன்று மகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறாள். குறை அப்படியே இருக்கிறது, நிரப்பத்தான் ஆளில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டு மக்களில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 12 வீதத்தைத் தாண்டியிருந்தனர். அதன்பின் இவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. இளையோர் பெருந்தொகையாக வெளியேறிவிட்ட எமது ஊர்களில் இதன் பாரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஈரத் தரையில் ஒரு சறுக்கல், இரவில் ஒரு படி தவறுதல் போதும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. அதன்பின் உறவினர் கூடி முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறார்கள். கைதடி முதியோர் இல்லம் போன்றவை ஆதரவற்றோருக்கு ஆற்றும் பணி மதிப்புக்குரியது. ஆனால் சொந்த வீடும் வளவும் கிணறும் உள்ள ஒருவர், தன் வீட்டுப் படியில் ஏற முடியாத காரணத்தால் அங்கு போக நேர்வது எமது திட்டமிடலின் தோல்வியாகும்.

அப்படியானால் எப்படிக் கட்டுவது? முதலாவது, மாடி எத்தனை இருந்தாலும் கீழ்த்தளத்தில் காற்றோட்டமான ஒரு படுக்கையறையும் அதை அடுத்து ஒரு குளியலறையும் வேண்டும். இரண்டாவது, வாசற்படியோடு ஒரு சாய்வுப்பாதையும் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் 12 அடி நீளம் என்பது பொதுவான அளவு. அத்திவாரம் இரண்டடி உயர்ந்தால் 24 அடி தேவை. கொழும்பில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. எமது வளவுகளில் தாராளமாக உண்டு. மூன்றாவது, கதவுகள் மூன்றடி அகலமாக, தடக்கும் நிலைப்படி இல்லாமல் இருக்க வேண்டும்.

குளியலறையில் கூடுதல் கவனம் தேவை. வழுக்காத சொரசொரப்பான தரை, குந்தியிருக்கத் தேவையில்லாத கொமட், அதனருகே சுவரில் உறுதியாகப் பதித்த கைபிடி, இருந்து குளிக்க ஒரு சீமெந்துத் திட்டு ஆகியவை வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துவிடும்.

மலசலகூடம் வீட்டோடு இருந்தால் கிணறு கெட்டுவிடும் என்று சொல்வோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாகக் கழிவு நிலத்தடி நீரை எளிதில் சேரும். ஆனால் தூரத்தில் இருக்க வேண்டியது குழிதான். கூடத்தை அறையோடு அமைத்து, கிணற்றிலிருந்து நன்கு விலகிய இடத்தில் குழியை வெட்டிக் குழாயால் இணைத்தால் இரண்டு தேவைகளும் நிறைவேறும். முதியவர் இரவில் இருட்டில் நடக்க வேண்டியதுமில்லை.

இவை வசதி படைத்தோருக்கு மட்டும் உரிய யோசனைகள் என்று எண்ண வேண்டாம். வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்கு உதவிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், பெரும்பாலான குடும்பங்கள் ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகப் பெற்றுத் தாமே வீட்டைக் கட்டின. கட்டுபவர் வீட்டுக்காரராகவே இருக்கும்போது கதவின் அகலத்தையும் கூடத்தின் இடத்தையும் தீர்மானிக்க அவருக்கு ஆலோசனை கொடுப்பது இலகு. கட்டும்போது கதவை அரையடி அகலமாக்குவது சிறு செலவு. கட்டியபின் சுவரை உடைத்து அகலமாக்குவதே பெருஞ்செலவு. சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கைபிடி பொருத்தவும் தரையை வழுக்காமல் செய்யவும் அரசு 2012 முதல் மானியம் வழங்குகிறது. யப்பானில் 2000இல் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதியும் வீட்டைத் திருத்தப் பணம் கொடுக்கிறது. விழுந்தவரைப் பராமரிப்பதிலும் விழாமல் காப்பது மலிவு என்பதை அந்நாடுகள் கணக்குப் பார்த்து அறிந்துள்ளன.

வீட்டின் எல்லை சுவரோடு முடிவதில்லை. பனையோலை வேலி இருந்த காலத்தில் பின்வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பக்கத்து வீட்டார் அதனூடாக வந்து நெருப்பும் உப்பும் வாங்கிப் போவார்கள். ஆச்சி காலையில் எழும்பவில்லை என்றால் எட்டு மணிக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். இன்று ஆறடி மதிலும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. கள்வருக்குப் பயந்து கட்டிய மதில் உதவிக்கு வருபவரையும் மறிக்கிறது. மதிலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு சிறு கதவும், தெருவைப் பார்த்த விறாந்தையில் இருக்க ஒரு திண்ணையும் வைப்பது எந்தக் கமராவிலும் மேலான காவல்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மீது வைக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்புவதோடு அப்பொறுப்பு தீர்ந்துவிடாது. வீடு கட்டப் பணம் அனுப்பும் பிள்ளைகள், மேல்மாடியின் அழகைக் கேட்கும் முன் அம்மாவின் அறை எங்கே என்று கேட்கட்டும். படம் கீறுபவர்களும் மேசன்மாரும் இந்த அளவுகளைத் தாமாகவே எடுத்துச் சொல்லட்டும். பிரதேச சபைகள் வரைபடத்தை அங்கீகரிக்கும்போதும், வீட்டுத் திட்டங்களை நடத்தும் நிறுவனங்கள் பயனாளிகளைச் சந்திக்கும்போதும் இந்த வீட்டில் முதியவர் யார் என்று விசாரிக்கட்டும். இன்று யாருமில்லை என்ற பதில் வந்தால், வீட்டுக்காரரின் வயதைக் கேட்டு, அதனோடு முப்பதைக் கூட்டிப் பார்க்கட்டும்.