ஏலத்தில் ஜெயித்துவிட்டதாக மெசேஜ் வந்ததா? பணம் அனுப்பும் முன் ஒரு நிமிஷம்

மூணாறுக்குப் பக்கத்தில், சித்திரபுரம் கடைத்தெருவில் நின்று "ஏலம் எப்படிப் போகுது?" என்று தமிழில் கேட்டால் அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று காய், இன்னொன்று விற்பனை. மலையாளத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. காய்க்கு ஏலம், விற்பனைக்கு லேலம். நமக்கு இரண்டும் ஒரே சொல்தான். இந்த மலையைப் பொறுத்தவரை அது பொருத்தமும்கூட.

இங்கே விளையும் ஏலக்காய் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விற்பனையாகிறது. 2021-ல் கிளவுட் முறை வந்தபின் இரண்டு ஊர் வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் விலை கேட்கலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்துவிட முடியாது. 1987-ம் வருட ஏலக்காய் உரிம விதிகளின்படி உரிமம் பெற்றவர்தான் விலை கேட்க முடியும், உரிமம் பெற்ற ஏல நிறுவனம்தான் ஏலத்தை நடத்த முடியும். பணம் வாங்குபவரிடமிருந்து ஏல நிறுவனத்துக்கும், அங்கிருந்து விவசாயிக்கும் போகிறது. யார் வாங்கினார், யார் விற்றார், பணம் எந்த வழியில் போனது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பதில் சொல்ல ஆள் உண்டு.

ஆகவே "5,000 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தே ஏலக்காய் ஏலத்தில் கலந்துகொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால், அந்த விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பொய். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கொச்சியிலோ கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் உங்களுக்கு வருகிற வலை வேறு மாதிரி இருக்கும். வங்கி ஏலத்தில் மலிவாக ஒரு வீடு, புது வண்டிக்கு ஃபேன்சி நம்பர், விமான நிலையத்தில் யாரும் கேட்டு வராத சூட்கேஸ்கள், சுங்கத்துறை பிடித்த ஐபோன்கள். இவற்றில் சிலவற்றுக்கு உண்மையான ஏலமும் இருக்கிறது. சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

ஏலம் ஏன் திருடனுக்கு வசதி?

கடையில் பொருளைப் பார்ப்பதற்கு முன் யாராவது பணம் கேட்டால் நமக்குச் சந்தேகம் வரும். ஏலத்தில் அதுதான் வழக்கம். முன்வைப்புத் தொகை கட்டாமல் விலையே கேட்க முடியாது. அவசரமும் அப்படித்தான். கடனைக் கட்டாதவரின் சொத்தை வங்கி விற்கும்போது, 2002-ம் வருட சர்ஃபேசி சட்டத்தின் விதிகள் பொருந்தும். அவற்றின்படி ஜெயித்தவர் அன்றைக்கே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதியை விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் கட்டுவது பொது விதி.

இப்போது யோசித்துப் பாருங்கள். "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் டெபாசிட் போய்விடும்" என்று ஒருவர் ஃபோனில் சொல்கிறார். மற்ற மோசடிகளில் இந்த அவசரமே நம்மை உஷாராக்கும். இங்கே அது சட்டம் சொல்வது மாதிரியே கேட்கிறது. "அவசரப்படுத்தினால் மோசடி" என்ற வழக்கமான அறிவுரை ஏலத்தில் பாதிதான் வேலை செய்யும். அவசரத்தை விட்டுவிட்டுப் பணம் எந்தப் பாதையில் போகிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த வித்தை புதிதும் இல்லை. ருமேனியாவிலிருந்து இயங்கிய 'பேராப்' கும்பல் ஈபே தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி வாகன விளம்பரங்களைப் போட்டது. விளம்பரப் படத்தைத் திறந்தவரின் கணினியில் ஒரு வைரஸ் இறங்கிவிடும். அதன்பின் அவர் ஈபே முகவரிக்குப் போனாலும் கண்முன் வருவது கும்பல் தயாரித்த நகல் பக்கம். பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து வண்டி வந்ததும் விற்பவருக்குக் கொடுக்கும் 'இடைநிலை நிறுவனம்' ஒன்றையும் அந்தப் பக்கம் காட்டும். அதுவும் கும்பலின் கற்பனைதான். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இவர்கள் பிடியில் இருந்தன. 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் இருவருக்கு 20, 18 ஆண்டுகள் சிறைத்தண்டனை கொடுத்தது. இன்று உங்களுக்கு வைரஸ்கூட வேண்டாம். தேடுபொறியில் மேலே வரும் 'ஸ்பான்சர்டு' லிங்க் ஒன்று போதும்.

போலியை எப்படிப் பிடிப்பது?

முதலில் முகவரி. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தபடி, இந்திய வங்கிகளின் தளங்கள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறின. 2025 அக்டோபர் 31 கடைசி நாள். அந்த முகவரியை வங்கி அல்லாத ஆள் வாங்க முடியாது. வங்கியின் பெயரைச் சொல்லி 'டாட் காம்', 'டாட் ஷாப்' என்று லிங்க் வந்தால் மூடிவிடலாம்.

ஆனால் எல்லாமே இவ்வளவு நேராக இல்லை. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளுக்காக 2025 ஜனவரியில் புதுப்பித்துத் தொடங்கிய அதிகாரபூர்வத் தளமான 'பேங்க்நெட்' முடிவதே 'டாட் காம்' என்றுதான். போதாக்குறைக்கு அதன் பெயரில் ஆங்கில 'ஏ' எழுத்து இரண்டு முறை வரும், ஒழுங்கான ஸ்பெல்லிங்கே எழுத்துப்பிழை மாதிரி தெரியும். இப்படிப் பெயர் வைத்துவிட்டு மக்களை "கவனமாகப் பாருங்கள்" என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். அதனால் லிங்க் வழியாகப் போகாதீங்க. உங்கள் வங்கியின் தளத்துக்குள் நுழைந்து அங்கிருந்து ஏலப் பக்கத்துக்குப் போங்க, ஒருமுறை சேமித்து வைத்துக்கொள்ளுங்க. பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துபவரா? வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது நிரப்பவில்லை என்றால் கோளாறு என்று நினைத்துக் கையால் டைப் செய்ய வேண்டாம். முகவரி மாறியிருக்கிறது என்று அது சொல்கிறது.

இரண்டாவது, விற்பனை அறிவிப்பு. வங்கி அசையாச் சொத்தைப் பொது ஏலத்தில் விற்றால் இரண்டு முன்னணி நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். தேவிகுளம் தாலுகாவில் இருக்கும் ஒரு வீடு ஏலத்துக்கு வருகிறது என்றால், அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். ஊரில் அப்பாவையோ அண்ணனையோ அந்த வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். மெசேஜில் வந்த நம்பருக்கே திருப்பிக் கூப்பிட்டு "இது உண்மையா?" என்று கேட்பது சோதனை ஆகாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: யார் கணக்குக்குப் பணம் போகிறது? 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். வங்கி ஏலத்துக்கான பணம் ஒரு தனிநபர் பெயருக்கோ, கேள்விப்படாத 'டிரேடர்ஸ்' பெயருக்கோ போகிறது என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "அதிகாரியோட பர்சனல் அக்கவுன்ட், அவசரத்துக்கு" என்பதற்கு எந்த ஏலத்திலும் இடமில்லை.

ஏலத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு வலை உண்டு. "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், அடுத்த இடத்தில் நீங்கள்தான்" என்று மெயில் வரும். அல்லது "உங்கள் முன்வைப்புத் தொகை ரீஃபண்ட் ஆகவில்லை, இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று அழைப்பு வரும். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது, அவ்வளவுதான்.

ஃபேன்சி நம்பர் ஆசை இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கேஎல் 07 டிஜி 0007 என்ற எண் 46 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன்லைன் ஏலத்தில் போனது. அந்த ஏலம் பரிவாகன் தளத்தில் நடக்கிறது. அதே பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பிப் பணம் பறித்ததாக, அதே ஆண்டு ஜூலையில் கொச்சி சைபர் போலீஸார் வாரணாசியில் இருவரைக் கைது செய்தார்கள். அரசுத் துறை எதுவும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது.

பணம் போய்விட்டது. இப்போது?

1930-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் சொல்வதற்கு முன், அந்த ஆளைத் திட்டுவதற்கு முன். காரணம் எளிது. உங்கள் புகார் 2021-ல் தொடங்கிய மத்திய அமைப்பு வழியாகப் பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்குப் போகும். அந்த வங்கி மிச்சமிருப்பதை முடக்கும். அதற்குள் பணம் வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண், பெறுபவரின் கணக்கு அல்லது யூபிஐ ஐடி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் வங்கி, எழுத்து வடிவில். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் அது உங்கள் கவனக்குறைவாகத்தான் பார்க்கப்படும். அப்போதும்கூட, நீங்கள் புகார் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. "என் தப்புதானே, எதற்குச் சொல்ல" என்று தள்ளிப்போட வேண்டாம்.

"நான் இருப்பது பெங்களூரு, சிம் தமிழ்நாடு, வீடு இடுக்கி. எங்கே புகார் கொடுப்பது?" எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இது நியாயமான கேள்வி. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆன்லைனில் கொடுத்தால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். ஊருக்கு வந்திருக்கும் நேரம் என்றால் இடுக்கி மாவட்ட சைபர் காவல் நிலையம் இருக்கிறது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம்.

பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும்தான் வந்தது என்றாலும் சொல்லுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் கடந்த 30 நாட்களில் வந்த சந்தேக அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் ஆகியவற்றைப் பதியலாம். போலித் தளத்தைக் கூகுளின் ஃபிஷிங் புகார்ப் பக்கத்தில் கொடுத்தால் பிரவுசர்களில் சிவப்பு எச்சரிக்கை வர வாய்ப்பு உண்டு. எதையும் அழித்துவிடாதீங்க. முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

இன்னொன்று. முடக்கிய பணம் உடனே கைக்கு வராது. பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும், அதற்குள் மாதங்கள் ஓடலாம். இந்த இடைவெளியில்தான் "நாங்கள் சைபர் செல், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, ப்ராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று இன்னொரு அழைப்பு வரும். ஏமாந்தவர்களின் பட்டியல்களும் கைமாறுகின்றன. பணத்தை மீட்டுத் தர 1930-ம் போலீஸும் கட்டணம் கேட்பதில்லை. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.