சகுராவின் பெயரை வெட்டியது யார்?

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர் வீட்டுக்குச் சந்தா வாங்கப் போயிருந்தேன். ஏழாவது படிக்கும் அவர் மகள், அண்ணன் செல்போனில் ஒரு ஜப்பான் பொம்மைப் படத்தை ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியப்பா, இந்தப் புள்ளதான மந்திர அட்டையெல்லாம் பிடிக்கா? பெறகு ஏன் படத்துல அவ பேரு இல்ல?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் வியாபாரிகளின் யோக்கியதை வெளியே வருகிறது.

படத்தின் அசல் பெயர் ‘கார்ட்கேப்டர் சகுரா’. ‘கிளாம்ப்’ என்ற பெயரில் கூட்டாக வேலை செய்யும் நான்கு பெண்கள், 1996 முதல் 2000 வரை சிறுமியர் பத்திரிகை ஒன்றில் வரைந்த சித்திரக்கதை அது. 1998இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அதைப் படமாகக் காட்டத் தொடங்கியது. மொத்தம் 70 பாகங்கள். பத்து வயதுச் சகுரா, தன்னால் சிதறிப்போன மந்திர அட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறாள். தவறியவளும் அவளே, அதைச் சீர் செய்கிறவளும் அவளே. கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இதைக் கனடா நாட்டு நெல்வானா கம்பெனி வாங்கியது. 2000இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது படம் என்ன கதியானது? தலைப்பிலிருந்து சகுரா போனாள்; ‘கார்ட்கேப்டர்ஸ்’ என்று ஆனது. 70 பாகங்களில் 39தான் காட்டப்பட்டன. அதிலும் எட்டாவது பாகத்திலிருந்து ஆரம்பம்! ஏன் எட்டு? லீ என்ற பையன் கதைக்குள் வருவது அதில்தான். தோழி தொமோயோ ‘மேடிசன்’ ஆனாள். சகுராவின் மேல் அவள் வைத்த காதலும் வெறும் சிநேகமாக மழுப்பப்பட்டது.

பையன்களைப் பிடித்துப்போட வேண்டுமாம்! பெண்பிள்ளை முன்னே நின்றால் பையன்கள் பார்க்கமாட்டார்களாம்! இந்த மேதாவிகள் நம் தெருவுக்கு வரட்டும். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ ஓடியபோது, பையன்களும் பம்பரத்தைப் போட்டுவிட்டு வந்து உட்காரவில்லையா? டோராவின் பெயரை எடுத்துவிட்டுக் குரங்கின் பெயரையா வைத்தார்கள்? இன்னொரு வேடிக்கை: அதே நெல்வானா பேச வைத்த படம் ஆஸ்திரேலியாவில் 70 பாகங்களும் ஓடியது. அங்கே மட்டும் பையன்களே இல்லையோ?

“அந்நியச் சரக்குதானே, ஒழியட்டும்” என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். இதுவும் சரியல்ல. மந்திரச் சிறுமிப் படங்களுக்கு மூத்தது, 1966இல் டோயி கம்பெனி எடுத்த ‘மந்திரக்காரி சாலி’. அதற்குத் தூண்டுகோல் ‘பிவிச்டு’ என்ற அமெரிக்கத் தொடர். கொடுக்கல் வாங்கலில் கலை வளரும். டோயியின் சித்திரத் தொழிலாளர்கள் 1961இல் சங்கம் கண்டவர்கள்; இன்று உலகம் கொண்டாடும் மியாசாகி, 1964இல் அச்சங்கத்தின் செயலாளர். இப்படிப்பட்டவர்களின் உழைப்பை அந்நியச் சரக்கு என்று தள்ளுவதா?

நம் ஆட்சேபணை கத்திரியின் மேல்தான். ஜப்பான் படங்களைத் தமிழ் பேச வைக்கும் சேனல்கள் ஆங்கில வெட்டுப் பிரதியைத் தொடக்கூடாது. அசலை எடுக்கட்டும், முதல் பாகத்திலிருந்து, அந்தப் பிள்ளையின் பெயரோடு.

“அப்ப முதல் ஏழுல என்ன நடந்துச்சு, பெரியப்பா?” என்றாள். தெரிந்த மட்டும் சொன்னேன். சந்தா ரசீது எழுதும்போது இருட்டிவிட்டது.