அறிஞரின் ஏடும் அமைச்சரின் எழுதுகோலும்

கற்றோர் அதிகாரபீடம் ஏறிவிட்டால் நீதி தானே நிலைபெறும் என்னும் நம்பிக்கை நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. உலக அரங்கிலே பேரறிஞர் ஒருவர் நமது துயரைக் குறித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டாலோ, விடிவு வாசற்படியை மிதித்துவிட்டதாகவே மகிழ்ந்துபோகிறோம். இம்மயக்கத்தைத் தெளிவிக்க ஒருவரின் வாழ்க்கைப் பாதையே போதுமானது. அவர்தாம் அவுஸ்திரேலியாவின் கரத் எவன்ஸ்.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்திலே சட்டம் போதித்தவர் அவர். 1978இல் செனட் சபை புகுந்தார். 1983இல் சட்டமா அதிபரானார். 1988 முதல் 1996 வரை வெளிநாட்டு அமைச்சராக விளங்கினார். கம்போடியப் பிணக்கிற்குத் தீர்வு கண்ட 1991ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்கு வழிசமைத்தோருள் அவரும் ஒருவர். அப்பெருமையை நாம் மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆனால் சொந்த நாட்டின் இலாபம் ஒரு தட்டிலும் எளிய மக்களின் உரிமை மறு தட்டிலும் இருந்தபோது அவரது தராசு எப்பக்கம் சாய்ந்தது? அதுவன்றோ கேள்வி!

1975ஆம் ஆண்டு மார்கழியில் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் திமோருக்குள் புகுந்தன. வெளியேறுமாறு பாதுகாப்புச் சபை பணித்தும் அவை அசையவில்லை. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆந் தேதி, திமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில், எவன்ஸும் இந்தோனேசிய வெளிநாட்டு அமைச்சர் அலி அலட்டாஸும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். அக்கடலடியிலுள்ள எண்ணெயையும் வாயுவையும் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்வதே அதன் சாரம். மதுக்கிண்ணம் உயர்த்தி மகிழ்ந்தனர். கீழே கிடந்த திமோர் மக்களை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை.

படைபலத்தாற் கவர்ந்த நிலத்தை அங்கீகரிக்கலாகாது என்னும் கட்டாயச் சட்டக்கடமை எதுவுமில்லை என்று விளக்கமளித்தார் அமைச்சர். கற்ற சட்டம் எதற்குக் கைகொடுத்தது பார்த்தீர்களா? 1991 நவம்பர் 12இல் டிலி நகரின் சாந்தா குரூஸ் மயானத்தில் நிராயுதபாணிகள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அதுவும் அரசின் கொள்கையன்று, ஒரு பிறழ்வே என்றார். ஒப்பந்தமோ அப்படியே நின்றது.

அயலான் காணியை அடாத்தாகப் பிடித்தவனோடு கூடி, அதன் விளைச்சலிற் பங்கு எழுதிக்கொள்பவனை எங்கள் வன்னிக் கமக்காரன் என்ன பெயரிட்டு அழைப்பான்? பட்டம் பெற்றவர் அதனைச் செய்தால் ராஜதந்திரமாகிவிடுமோ?

இந்தோனேசியாவின் உரிமையை 1979இலேயே முந்திய அரசாங்கம் அங்கீகரித்துவிட்டது, எவன்ஸ் என் செய்வார் என்று அவருக்காகப் பரிந்துரைப்போர் கூறலாம். முன்னவர் திறந்த கதவை அடைக்க முடியாதிருந்திருக்கலாம். அதன் வழியே புகுந்து அறுவடை செய்யுமாறு அவரை வற்புறுத்தியவர் யார்?

பதவி நீங்கியதும் பழைய ஆசிரியர் மீண்டும் விழித்துக்கொண்டார். கனடிய அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் அமைத்த ஆணைக்குழுவுக்கு, அல்ஜீரியரான முகம்மது சஹ்னூனுடன் இணைத்தலைமை தாங்கினார். தன் மக்களைக் காக்க ஓர் அரசு தவறினால் அப்பொறுப்பு உலகைச் சாரும் என்னும் "பாதுகாக்கும் பொறுப்பு" 2001இல் அங்கே பிறந்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் உச்சிமாநாடு அதனை ஏற்றது. 2007 ஜூலை 29இல் கலாநிதி நீலன் திருச்செல்வம் நினைவுப் பேருரையாகக் கொழும்பிலேயே எவன்ஸ் அதனை எடுத்துரைத்தார். இலங்கை நிலைமை பெருங்கொடுமையாகச் சீர்கெடக்கூடியது, முற்கூட்டியே தடுக்கவேண்டியது என்று எச்சரித்தார். நம்மிற் பலர் நெஞ்சம் குளிர்ந்தோம்.

நடந்தது என்ன? 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னி மண் குருதியில் நனைந்தது. பாதுகாப்புச் சபை அதுபற்றி முறைப்படி ஒரு கூட்டந்தானும் நடத்தவில்லை. மே மாத இறுதியில் ஜெனீவாவிலே 29 நாடுகள் கை உயர்த்தி இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானத்தை நிறைவேற்றின. ஐக்கிய நாடுகள் சபை தன் கடமையிற் தவறியதென்று அதன் உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது.

ஒன்றை ஊன்றி நோக்குக. 1999 ஆகஸ்ட் 30இல் திமோர் மக்கள் நூற்றுக்கு 78.5 பேராக விடுதலைக்கு வாக்களித்தனர். அடுத்து நிகழ்ந்த வெறியாட்டத்தை அடக்கச் செப்டெம்பரிற் பன்னாட்டுப் படை இறங்கியது. அன்று "பாதுகாக்கும் பொறுப்பு" எழுதப்படவேயில்லை. எழுதி, ஒப்பமிட்டு, கொழும்பில் விரிவுரையும் ஆற்றிய பின்னர் வன்னி கைவிடப்பட்டது. கோட்பாடு இல்லாதபோது காத்தார்கள். கோட்பாடு இருந்தபோது கைகட்டி நின்றார்கள். அப்படியாயின் மக்களைக் காப்பது ஏடு அன்று. கால் நூற்றாண்டு திமோரியர் தளராது உலகின் கதவைத் தட்டினார்கள், சுகார்ட்டோ வீழ்ந்ததும் காலம் கனிந்தது, வல்லரசுகளும் அசையவேண்டியதாயிற்று.

அவரது கோட்பாட்டை எறிந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அதனைக் கடன்பத்திரமாகக் கையில் வைத்திருங்கள். ஒப்பமிட்டவர்களிடம் ஓயாது நீட்டுங்கள். வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் நடந்தவற்றைச் சான்றோடு பதியட்டும். கமக்காரர் தம் காணி உறுதிகளைப் பேணட்டும். ஏட்டுச் சுரைக்காயை நம்பி உலை வைத்தவன் பட்டினி கிடந்த கதையை 2009 நமக்குக் கற்பித்துவிட்டது. இன்னுமொருமுறை அப்பாடத்தைக் கற்க நம்மிடம் உயிர்கள் இல்லை.