ஊமையான கணிப்பொறி

1902-லேயே சிவசமுத்திர மின்சாரம் கண்டது நம் தங்கவயல். ஆயினும் பயாஸைப் புதுப்பிக்கையில் மின்சாரம் நின்று, கணிப்பொறி ஊமையாயிற்றென வருந்துவோர் பலர். 2001-இல் மூடப்பட்ட சுரங்கத்தில் உழைத்த தந்தையரின் படங்கள் அதிலன்றோ உள்ளன!

அன்பர்களே, அஞ்சற்க. படங்கள் ஹார்ட் டிஸ்கில் இருப்பன. பயாஸோ மதர்போர்டிலுள்ள சிறு சில்லில் உறைவது. மின்கம்பியைக் கழற்றி, 3 வோல்ட் பொத்தான் பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவைத்துப் பொருத்துக. இது அமைப்புகளை மட்டுமே பழைய நிலைக்குக் கொணரும். சிதைந்த நிரலைச் சீராக்காது.

அதற்கு, ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள பலகையாயின், அதே மாடலுக்குரிய கோப்பைக் கையேடு கூறும் பெயரில் பென்டிரைவில் இட்டு, குறித்த துளையில் செருகி, மின்னிணைப்புத் தந்து பொத்தானை அழுத்துக. விளக்குச் சிமிட்டல் ஓயும்வரை தொடற்க. பொத்தான் இல்லையேல், சில்லில் நேரே நிரலெழுதும் கருவியுடைய பழுதுபார்ப்போரை நாடுக. பலகையையே மாற்றச் சொல்வோர்க்கு உடனே தலையசைத்துவிட வேண்டா.