யாயிரின் காத்திருப்பு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், என் பங்கைச் சேர்ந்த குடும்பத்தினர் அறைவீட்டுக் கதவைத் தட்டினர். தந்தையார் வழுக்கி விழுந்து கையெலும்பு முறிந்துவிட்டது; அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மணித்தியாலமாகக் காத்திருக்கின்றார். "சுவாமி, நீங்கள் ஒருக்கால் வந்து சொன்னால் உடனே பார்ப்பினம்" என்றார் மூத்த மகன்.

சென்றேன். என் வெள்ளை அங்கியைக் கண்டதும் வாசலில் நின்ற பணியாளர் வழிவிட்டார். ஐந்து நிமிடத்தில் தந்தையார் உள்ளே அழைக்கப்பட்டார். மகிழ்வோடு திரும்பியபோது, வாங்கில் காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் கிடத்தியிருந்த தாயொருவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். எங்களுக்கு முன்பே வந்தவர். அவருடைய பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். இப்படித்தான் நடக்கும் என்று பழகிப்போன பார்வை அது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை அதன் பின்னர் வேறு கண்ணோடு வாசிக்கின்றேன். யாயிர் தொழுகைக்கூடத் தலைவர், செல்வாக்குள்ளவர். பன்னிரண்டு வயது மகள் சாகும் தறுவாயில் இருக்கின்றாள். ஆண்டவரும் உடன் புறப்படுகின்றார். ஆனால் வழியில், பன்னிரண்டு ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வருந்தி, வைத்தியர்களிடம் சொத்தெல்லாம் இழந்த பெயரறியாப் பெண்ணுக்காக நின்றுவிடுகின்றார். அவளை முழுமையாகப் பேசவிட்டுக் கேட்கின்றார். அந்நேரம் யாயிரின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியும் அப்போதுதான் வருகின்றது.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. ஆபத்தின் அளவைக் கொண்டே முதலில் யார் என்று தீர்மானிக்கின்றார்கள். இது நியாயமானதே. கைமுறிந்து கதறும் இளைஞனைவிட, சத்தமின்றி வியர்த்திருக்கும் முதியவருக்கு ஆபத்து அதிகமாயிருக்கலாம். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரக்கூடும். வெளியே வாங்கில் இருப்பவருக்கு இது தெரியாது. தமக்குப் பின் வந்தவர் முன்னே போவதை மட்டுமே அவர் காண்கின்றார். எவரும் விளக்காதபோது, அங்கே செல்வாக்குத்தான் வேலை செய்கின்றது என்று எண்ணுகின்றார். என்னைப் போன்றோர் அந்த எண்ணத்தை மெய்யாக்கியும் விடுகின்றோம்.

நோயாளர்களிடம் கேட்டால், காத்திருந்த நேரத்தைவிட, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டதையே பலர் மனத்தாங்கலோடு சொல்வார்கள். அடுத்தடுத்துக் கட்டில்கள் நிரம்பும் இரவில், ஓய்வின்றி ஓடும் தாதியரை நான் குறைசொல்லத் துணியேன். இருந்தாலும், "அம்மா, உங்களை மறக்கவில்லை, உள்ளே உயிராபத்தான ஒருவர் இருக்கின்றார்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். துயரச் செய்தி வந்த கணமே ஆண்டவர் யாயிரிடம் திரும்பி, அஞ்ச வேண்டாம் என்று தேற்றினார். மகளை அவர் எழுப்பியது அதற்குப் பின்னரே.

அந்த வார்த்தை விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் தென்பகுதியில் நான் பணியாற்றிய காலத்தில், வலி எங்கே என்று கேட்டது விளங்காமல் தலையாட்டிய தமிழ்த் தாய்மாரைக் கண்டிருக்கின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களச் சகோதரி தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் மொழிபெயர்த்ததையும் கண்டிருக்கின்றேன்.

நமது பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை, 2018இல் வடக்கிற்கும் வந்தது. இலக்கத்தை அழுத்தினால் கட்டணமின்றி வாகனம் வரும். அப்படியிருந்தும், அதனை அழைக்குமுன் தெரிந்த வைத்தியர் யார், தெரிந்த குருவானவர் யார் என்று தேடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை.

இப்போதும் நள்ளிரவில் அழைத்தால் செல்கின்றேன். நோயில்பூசுதல் வழங்குகின்றேன், பின்னர் வாங்கில் அமர்ந்து, எவரும் எதுவும் சொல்லவில்லை என்போருக்காக உள்ளே சென்று விசாரித்து வந்து சொல்கின்றேன். வெள்ளை அங்கிக்கு அந்த அளவு வழி விடுகின்றார்கள். முந்தி அனுப்பும்படி மட்டும் கேட்பதில்லை. இதனால் மனம் வருந்திய குடும்பமொன்று சில மாதங்களாக அயற்பங்கில் திருப்பலி காண்கின்றது.